கரிசலிற் புதுப் புல்வெளியும் தழைச்சத்தும்

வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரைச் சூழ்ந்த கரிசற் புன்செய்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. அவற்றுள் தரிசாய்க் கிடக்கும் நிலத்திற் கொழுக்கட்டைப் புல்லை விதைத்து, ஆடுமாடுகட்கு மேய்ச்சல் தேட விழைவோர் உளர். அன்னோர்க்கு எழும் முதல் வினா, யூரியா எப்பொழுது இடலாம் என்பதே. இதனைச் சிறிது ஆராய்வோம்.

இலையும் தண்டும் தழைத்தற்கு நைட்ரஜன் வேண்டும்; ஆதலின் உழவர் அதனைத் தழைச்சத்து என்பர். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உண்டு. 1828-இல் ஜெர்மானிய அறிஞர் வோலர் செயற்கையாற் பெற்ற இப்பொருள் ஆட்டின் மூத்திரத்தில் இயல்பாகவே உள்ளது. புன்செயிற் கிடை அமர்த்தும் பழைய வழக்கத்தின் பயன் இதனால் விளங்கும்.

ஆயினும், கொழுக்கட்டைப் புல் மெதுவாக முளைப்பது; களைகளோ விரைந்தெழுவன. விதைக்கும்போதே யூரியாவை மிகுதியாக இட்டால், அதனை உண்டு கொழுப்பவை களைகளே. இளம்புல் அவற்றின் நிழலில் மெலியும். அன்றியும், சுண்ணாம்பு கலந்த கரிசலின் மேலே தூவிய யூரியாவில் ஒரு பகுதி, மழை தொடராவிடின், அம்மோனியாவாகிக் காற்றோடு போம்.

புல்லோடு சங்குபுஷ்பம், வேலிமசால் முதலியவற்றை விதைப்பதும் உண்டு. இவ்வினச் செடிகள் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்போர் 1888-இல் விரிவாக வெளியிட்டனர். மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் அம்முடிச்சுகளின் வேலை குன்றும். புல்லும் ஓங்கி அச்செடிகளை மறைத்துவிடும்.

இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. உரம் மிக இட்டபின் மழை தவறினால், வாடிய பயிரில் நைட்ரேட் தேங்கும். அதனைப் பசியோடு மேய்ந்த கால்நடையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறிக் குருதியிற் கலக்கும். அக்குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து கபில நிறமாகும். கால்நடை மூச்சுத் திணறி இறத்தலும் கூடும்.

ஆதலின் செய்யத்தக்கது யாதெனின், அடியுரமாக மக்கிய தொழுவுரம் இடுக. முதலிற் களையெடுத்து, புல் தூர்கட்டும்வரை பொறுத்திருக்க. கையாற் பற்றியிழுத்தாலும் வேரோடு வாராத நிலை வந்தபின்னரே, மண்ணின் ஈரமும் மழைக்குறியும் நோக்கி, யூரியாவைச் சிறிது சிறிதாக இடுக. முதற் பருவத்தில் விதை உதிருமுன் மந்தையை விடாதிருத்தல் நலம். உழவனது பொருளும் ஆட்டின் உயிரும், உரத்தின் அளவோடு அதனை இடும் காலத்தையும் பொறுத்தனவாம்.