காட்டில் ஜெயிப்பது டாப் ஸ்பீடு அல்ல

பூந்தமல்லி – ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் குத்தம்பாக்கத்தைத் தாண்டி மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990 முதல் அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. அதற்கு முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. இரண்டும் முழு ஆக்சிலேட்டரில் பறக்கும் சமதரை. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு நம் பக்கத்தில் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை அந்தத் தரைக்குப் பொருந்தும். மரங்களுக்கு நடுவே, வேரும் சேறும் கிடக்கும் பாதையில் ஓட்டப்போகும் யமஹா ஆர்எக்ஸ் 100க்கு அவற்றைச் செய்தால் வண்டி கெடும்.

“ஹெச்பி கூடினால் காட்டிலும் முந்தலாம்” என்பது முதல் நம்பிக்கை. ஆர்எக்ஸ் 100இன் 11 குதிரைசக்தி 7,500 சுற்றில் கிடைக்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட்டை மேல்நோக்கி அறுத்தால் உச்ச சக்தி கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது இன்னும் உயர்ந்த சுற்றுக்கு ஏறிவிடும். கீழே இழுவை செத்துப்போகும். காட்டில் பாதி நேரம் இரண்டாவது கியரில், பாதி ஆக்சிலேட்டரில்தான் ஓட்டுகிறோம். வளைவு முடிந்து மேட்டில் ஏறும்போது கீழிருந்தே சீராக இழுக்காமல் திடீரென்று சக்தி வந்தால், பின் சக்கரம் ஈரமண்ணில் சுற்றி வண்டி பக்கவாட்டில் போகும். அறுத்த சிலிண்டரைப் பழையபடி ஆக்கவும் முடியாது. 1996இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு அசல் சிலிண்டர் எளிதில் கிடைக்காது.

“சைலன்சரைக் கழற்றினால் பிக்கப் கூடும்.” டூ ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை இதைவிடத் தவறான பேச்சு இல்லை. இதில் புகைக்குழாயும் என்ஜினின் ஒரு பாகம். வெளியேறும் அழுத்த அலை, வயிறு பெருத்த அறையின் விரியும் கூம்பில் உறிஞ்சுவிசையாக மாறுகிறது. குறுகும் கூம்பில் மோதித் திரும்பி, தப்பியோடும் புதுக் கலவையை போர்ட் மூடும் முன்பே சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் இதைக் கணக்கிட்டுச் செம்மைப்படுத்தினார். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் அணியை விட்டு ஓடி, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. அதே சுசுகியின் 100சிசி டூ ஸ்ட்ரோக் 1984இல் நம் ஓசூரிலிருந்து வந்தது.

அலை திரும்பி வரும் நேரத்தை முடிவு செய்வது குழாயின் நீளம். நீளம் கூடினால் இழுவை குறைந்த சுற்றிலேயே கிடைக்கும். காட்டுக்கு வேண்டியது அதுதான். சத்தம் மட்டும் பெருத்தால் அலை கெட்டுவிட்டது என்று பொருள். பெரிய கார்ப்ரேட்டர் மாட்டுவதிலும் இதே கோளாறு: துளை அகலமானால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் குறைந்து, வண்டி திணறும்.

மேக்னட்டை, அதாவது ஃப்ளைவீலை, கடைந்து எடையைக் குறைப்பவர்களும் உண்டு. சுழலும் எடை கூடுதலாக இருந்தால்தான் மெதுவான இடத்தில் என்ஜின் அணையாது. வெளிநாட்டில் காட்டுப் பந்தயக்காரர்கள் காசு கொடுத்து அந்த எடையைக் கூட்டுகிறார்கள். ஹெட்டைக் கடைந்து கம்ப்ரஷனை ஏற்றுவதும் இங்கே ஆபத்து. காற்றால் குளிரும் என்ஜின் மெதுவாகப் போகையில், அதுவும் நம் ஊர் வெயிலில், நாக்கிங் வந்து பிஸ்டனில் ஓட்டை விழலாம்.

“ஏர் ஃபில்டர் இல்லாவிட்டால் என்ஜின் நன்றாக மூச்சு விடும்.” டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் நுழைவது கிராங்க் கேஸுக்குள். உள்ளே போகும் மண் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் என்று வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே போகும். எண்ணெய் தடவிய ஃபோம் ஃபில்டரை மாட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவுங்கள்.

“டூடி ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் என்ஜின் குளிரும்” என்பதும் பாதி உண்மைதான். லிட்டருக்கு 25 மில்லிக்குப் பதிலாக 40 மில்லி கலந்தால், கார்ப்ரேட்டரின் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது. கலவை மெலிந்து சூடு ஏறும். அளவை மாற்றினால் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு நேராகக் கலந்து ஓட்டுபவர்கள் நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி வைக்கக்கூடாது. பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். பிஸ்டன் ஜாம் ஆகும்.

மாற்றிய வண்டியைச் சாலையிலும் ஓட்டலாம் என்று சட்டம் பற்றியும் தவறான நம்பிக்கை உலவுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளரின் வடிவத்திலிருந்து மாற்றக்கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே மாற்றிய வண்டி சாலையில் ஓடக்கூடாது. வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஓட்டும் இடம் காப்புக்காடாகவோ, சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் கரையாகவோ இருக்கக்கூடாது. சொந்தக்காரர் அனுமதித்த நிலமும், முறைப்படி அங்கீகாரம் பெற்ற போட்டியும்தான் இதற்கு இடம்.

கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் வாங்குங்கள். அடுத்து பட்டன் டயர். பிறகு முன் ஃபோர்க், பின் ஷாக்கப். பின் ஸ்ப்ராக்கெட்டில் மூன்று நான்கு பல் கூட்டுங்கள். இவ்வளவும் செய்து ஒரு பருவம் ஓட்டிய பிறகும் குறை தெரிந்தால் மட்டும் சிலிண்டரை லேத்துக்கு எடுத்துப் போங்கள்.