புழுங்கலரிசியும் பதப்படுத்திய உணவுதான்

நம்பிக்கை: பதப்படுத்தினாலே சத்து போய்விடும்.

அப்படியென்றால் நாம் தினமும் வடிக்கும் புழுங்கலரிசியை முதலில் கைவிட வேண்டும். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்த பிறகுதான் அதை அரைக்கிறார்கள். தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ள தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊறி அவியும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் அதில் நல்ல பங்கு அரிசியிலேயே தங்கும். பச்சரிசியைத் தீட்டும்போதோ அது தவிட்டோடு போய்விடுகிறது.

இந்த வேறுபாடு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் தளரும். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாகவே தென்பட்டது. 1907இல் பிராடன் என்ற மருத்துவர் இதைப் பற்றி நூலே எழுதினார். ஃபிரேசர், ஸ்டேன்டன் என்ற இருவர் சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு குழுக்களாக்கிச் சோதித்து, 1909இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சரிசிக் குழுவில் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் அங்கே நின்று, மற்ற குழுவில் தலைகாட்டியது. ஓர் அரிசியைக் காப்பாற்றியதும் இன்னொன்றைக் கெடுத்ததும் பதப்படுத்தல்தான்.

நம்பிக்கை: அப்படியானால் புழுங்கலரிசி உடம்பை இளைக்க வைக்கும்.

வைக்காது. கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எடைக்குத் தட்டில் விழும் சோற்றின் அளவே கணக்கு.

நம்பிக்கை: கலோரியைப் பார்த்து வாங்கினால் போதும், எந்த உணவானாலும் ஒன்றுதான்.

2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும், பெரிதும் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக, வேகமாகவும் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய 900 கிராம் எடை ஏறியது. மற்ற உணவில் அதே அளவு இறங்கியது. சிறிய ஆய்வுதான், நாட்களும் குறைவு. ஆனாலும், பருமனுக்கு மனிதரின் வாய்க்கட்டுப்பாடின்மையை மட்டுமே பழித்துவருவது அநியாயம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

நம்பிக்கை: கேழ்வரகு என்று அட்டையில் இருந்தால் எடை குறையும்.

அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் உள்ள சேர்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது நம் நாட்டு விதி. கேழ்வரகு பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முந்தி நின்றால், அது மைதா பிஸ்கட்தான். கேழ்வரகைப் பதப்படுத்த வீட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. முளைகட்டி, காயவைத்து அரைத்தால், கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைந்து, அவை உடம்பில் சேர்வது எளிதாகும். சர்க்கரை கொட்டாமல் அந்த மாவில் கூழோ கஞ்சியோ காய்ச்சுங்கள்.