ஈறு நோயும் எதிர்ப்பொருள்களும்

பல் துலக்கும்போது ஈற்றில் இரத்தம் கசிந்தால், பலர் "புண்ணாகிவிட்டது" என்று அந்த இடத்தை மட்டும் துலக்காமல் விட்டுவிடுகின்றனர். இது சரியா? விடை காண வேண்டுமானால், நம் ஈறுகளுக்குள் நடக்கும் போரைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பகைவர் யார்?

1683-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லீவன்ஹுக் தம் பற்களிலிருந்து வெண்ணிறப் பொருளைச் சுரண்டி எடுத்து, தாமே செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி நீந்தக் கண்டு வியந்தார். அவையே பாக்டீரியாக்கள்.

இவை பிசுபிசுப்பான பொருளைச் சுரந்து, கூட்டமாகப் பல்லின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பற்படலம் என்று பெயர். நம் ஊர்க் கோயில் குளத்துப் படிகளில் பாசி படிகிறதல்லவா? தண்ணீர் ஊற்றினால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். பற்படலமும் அப்படித்தான்.

காவலர் யார்?

ஈற்றோரத்தில் படலம் சேர்ந்ததும் இரத்த வெள்ளையணுக்கள் விரைந்து வருகின்றன. ஈறு சிவந்து வீங்குகிறது. பின்னர் 'பி' செல்கள் என்னும் நிணச் செல்கள் பகைவனின் அடையாளத்தை அறிந்து, பிளாஸ்மா செல்களாக மாறி, எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன.

எதிர்ப்பொருள் என்பது ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவமுள்ள புரதம். இதன் அமைப்பைக் கண்டறிந்த எடெல்மன், போர்ட்டர் இருவரும் 1972-இல் நோபல் பரிசு பெற்றனர். பூட்டுக்கேற்ற சாவி போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பகைவனைப் பற்றுகிறது. உமிழ்நீரிலுள்ள 'ஐஜிஏ' வகை, பாக்டீரியா ஒட்டாதபடி தடுக்கிறது. இரத்தத்திலிருந்து ஈற்றிடுக்கில் கசியும் 'ஐஜிஜி' வகை, பாக்டீரியாவின்மேல் படிந்து, விழுங்க வேண்டியது இதுவே என்று வெள்ளையணுக்களுக்குக் காட்டிக் கொடுக்கிறது.

காவலர் ஏன் தளர்கின்றனர்?

தடித்த படலத்தின் உட்பகுதிக்குள் காவலர் எளிதில் நுழைய முடிவதில்லை. 'போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்' என்னும் பாக்டீரியாவோ எதிர்ப்பொருளையே வெட்டும் நொதியைச் சுரக்கிறது. எனவே போர் ஓயாமல் நீள்கிறது. நெடும்போரில் வயல்களும் அழிவதுபோல, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. பல் ஆடி விழுகிறது.

இரண்டு ஆய்வுகள்

1970-இல் ஹாரல்ட் லோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதிக்கத் தொடங்கினர். அத்தொழிலாளர்களுக்குப் பல் துலக்கும் பழக்கமும் இல்லை. பல் மருத்துவ வசதியும் இல்லை. பதினைந்து ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 1986-இல் வெளிவந்தது. எல்லோர் பற்களிலும் படலம் இருந்தது. ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. உடலின் எதிர்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதை இதனால் உணர்கிறோம். ஆனால் துலக்காமலே தப்பியவர் மிகச் சிலரே!

இதே லோ, 1965-இல் டென்மார்க்கில் வேறொரு சோதனையை வெளியிட்டிருந்தார். நலமான ஈறுகளை உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஈறுகள் விரைவில் நலமடைந்தன.

நாம் செய்ய வேண்டியது

இப்போது முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரத்தம் கசியும் இடத்தையே மென்மையான பிரஷ்ஷால் பொறுமையாகத் துலக்க வேண்டும். கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டி, கெட்டிப்பட்ட காரையை அகற்ற வேண்டும். நீரிழிவு உடையோரும் புகையிலை பழகியோரும் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். அவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது.

தறியில் அமர்ந்து நம்மை வளர்த்த தாத்தா பாட்டிகள், "வயதானால் பல் விழத்தான் செய்யும்" என்கின்றனர். வயதைவிட, நாள்தோறும் படியும் படலமே பல்லுக்குப் பெரும்பகை என்பதை அவர்களுக்கும் அன்போடு எடுத்துச் சொல்வோம். எதிர்ப்பொருள்கள் நமக்காக இரவும் பகலும் போரிடுகின்றன. காலையும் இரவும் சில நிமிடங்கள் துலக்கி நாமும் அவற்றுக்குத் துணை நிற்போம்!