வாடகைச் சீட்டும் முத்திரை வரியும்

நம்மவருக்குள் சீட்டு எதற்கென்று வாய்ப்பேச்சிலேயே வீடு விடுவதும் எடுப்பதும் இங்கே சிங்கப்பூரில் நம்மிடம் உண்டு. நானும் அவ்வாறு குடியேறியவன்தான். சுவரிலிருந்த கறை நான் வருமுன்பே உள்ளதென மெய்ப்பிக்க வழியின்றி, முன்பணத்தில் 800 வெள்ளி போயிற்று. சிநேகமும் போயிற்று.

ஆகவே, சாவி வாங்கும் அன்றே வீட்டிலுள்ள சாமான், பழுது யாவும் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். படமும் எடுத்து வையுங்கள். உடன்படிக்கையில் கையெழுத்தான 14 நாட்களுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். குடியிருப்பவர் கட்டுவதே வழக்கம். ஓராண்டு வாடகை 30,000 வெள்ளியெனில், 0.4 விழுக்காடு, 120 வெள்ளிதான். இதில் மிச்சம் பிடிப்பது நல்ல வியாபாரமன்று: முத்திரையில்லாச் சீட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகையில் 20,000 வெள்ளி வரையுள்ள பிணக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வக்கீலின்றி நாமே முறையிடலாம். சீட்டையும் படங்களையும் மறவாது கொண்டுசெல்லுங்கள்.