கரிசல் காட்டில் அடித்த மருந்து கிணற்றுக்குப் போகுமா?

கேள்வி: எங்கள் கரிசலில் மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நாள்கணக்கில் நிற்கும். தண்ணீரே இறங்காத மண்ணில் களைக்கொல்லி மட்டும் எப்படிக் கிணறு வரை போகும்? கணினியில் கணக்குப் போட்டு, போகும் என்கிறார்களே?
– வாசகர், கோவில்பட்டி வட்டாரம்

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். மணலில் மருந்து இறங்கும், களியில் இறங்காது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மண்ணை ஒரே சீரானதாக எடுத்துக்கொண்ட பழைய கணக்குகளும் அதையே சொல்லின. நனைந்து உப்பிய கரிசலுக்கு அது பொருந்தும்.

ஆனால் நீங்கள் சொல்வது ஐப்பசிக் கடைசியின் மண். ஆவணியில் அதே காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்குமே! முதல் மழையில் மேலே ஈரம் கண்டு மக்காச்சோளம் விதைத்து அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிக்கும்போது, அடியில் வெடிப்பு முழுதாக மூடியிருக்காது. அடுத்த பெருமழை அதன் வழியே நேரே இறங்கும். இதற்குப் 'பெருந்துளை ஓட்டம்' என்று பெயர்: மண்ணை நனைக்காமல், வெடிப்பிலும் மண்புழுத் துளையிலும் ஓடும் நீர். குழாய் போன்ற துளையின் விட்டம் 10 மடங்கானால், ஓடும் நீர் 10,000 மடங்காகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உணவில் சேர்க்கும் நீலச்சாயத்தைக் கரைத்து மண்ணில் ஊற்றி, மறுநாள் பக்கத்தில் குழி வெட்டுவார்கள். வெடிப்பின் சுவர் முழுக்க நீலம். ஒரு விரல் தள்ளி, மண் பழைய கறுப்பிலேயே இருக்கும்.

மருந்தைத் தடுப்பவை இரண்டு. ஒன்று பரப்புக் கவர்தல், அதாவது மருந்து மண்துகளில் ஒட்டிக்கொள்வது. மற்றது, மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைப்பது. வெடிப்பில் விரையும் நீர் இரண்டுக்கும் நேரம் கொடுப்பதில்லை. அதனால்தான் சுவீடனில் உருவான 'மேக்ரோ' என்ற கணினி மாதிரி, நுண்துளைகளில் ஊறும் நீரைத் தனியாகவும் பெருந்துளைகளில் ஓடும் நீரைத் தனியாகவும் கணக்கிட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசிவதையும் சேர்க்கிறது. அதற்கு நாள் மழையளவு போதாது. மணிக்கு எவ்வளவு பெய்தது என்று தெரியவேண்டும்.

போவது கொஞ்சம்தானே என்று விட்டுவிட முடியாது. குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லிக்கோ களைக்கொல்லிக்கோ ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம். ஏக்கருக்கு 200 கிராம் அட்ரசின் அடித்து, நூற்றில் ஒரு பங்கு இறங்கினாலே 2 கோடி லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

உங்கள் கையில் இருப்பது அடிக்கும் நாள். பெருமழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள். விதைக்குமுன் மேல்மண்ணைக் கட்டியில்லாமல் பொடியாக உழுதால் வெடிப்பின் வாய் அடைபடும். மருந்து மண்ணில் ஒட்டவும் அவகாசம் கிடைக்கும்.