தொடர்பாடல் தடைகள்: வணிகத்தில் தப்பபிப்பிராயத்தைக் கையாளுதல்



தொடர்பாடல் தடைகள் பற்றிய வினாவுக்கு விடையெழுதும் பலர் மொழி வேறுபாடு, இரைச்சல், பொருத்தமற்ற ஊடகம் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் "மனப்பாங்கு" என்று ஒரு சொல்லையும் சேர்த்து விடுகின்றனர். அச்சொல்லை விளக்குக என்று கேட்டால் பேனா நின்றுவிடுகின்றது. இப்பகுதி அந்த ஒரு சொல்லுக்காக எழுதப்படுகின்றது. இரைச்சலைக் கதவை மூடித் தடுக்கலாம். மனப்பாங்கு என்னும் தடையோ கடிதத்தைப் பிரித்து வாசிப்பவரின் மனதிற்குள் இருக்கின்றது. வேறு இனத்தவர், வேறு மதத்தவர், வேறு நாட்டவர் ஆகியோருடன் வியாபாரம் செய்யும்போது இத்தடையே மிகுந்த நட்டத்தை ஏற்படுத்துவதுண்டு.

குழப்பம் தரும் மூன்று சொற்கள்

"அந்த ஊர் வியாபாரிகள் நிறையில் ஏமாற்றுவார்கள்" என்று ஒருவர் சொல்கிறார். ஒரு கூட்டத்தினர் அனைவருக்கும் ஒரே குணத்தை ஒட்டிவிடும் இவ்வெண்ணத்தைப் பொதுமுத்திரை எனலாம். இதனை நம்பி, அவ்வூர் வியாபாரி ஒருவரைக் காணுமுன்னரே அவர்மீது ஐயமோ வெறுப்போ கொள்வது தப்பபிப்பிராயம் ஆகும். சில நூல்களில் இது முற்சாய்வு என்றும் குறிப்பிடப்படும். அந்த ஐயத்தினால் அவர் அனுப்பிய விலைமனுவைப் பிரித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டால் அது பாரபட்சம். முதலாவது எண்ணம், இரண்டாவது உணர்வு, மூன்றாவது செயல். விடைத்தாளில் இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதக்கூடாது. கையாளும் வழியும் மூன்றுக்கும் ஒன்றல்ல.

தொடர்பாடல் செயன்முறையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அனுப்புனர், செய்தி, ஊடகம், பெறுனர், பின்னூட்டல். பெறுனர் செய்திக்குப் பொருள்கொள்ளும் கட்டத்திலேயே தப்பபிப்பிராயம் நுழைகின்றது. காரணம், செய்தியை வாசிக்குமுன்னர் அவர் பெயரை வாசித்துவிடுகிறார். தொலைபேசியானால் விடயத்திற்கு முன்னர் உச்சரிப்பு காதில் விழுந்துவிடுகிறது.

பெயர் மட்டும் மாறியபோது

ஐக்கிய அமெரிக்காவில் மரியான் பேர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் என்னும் பொருளியலாளர் இருவர் ஓர் ஆய்வை நடத்தி 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். (இரண்டாவது பெயரைக் கண்டதும் "நம்மவர்" என்று மனம் மகிழ்கிறதா? ஒரு பெயர் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதை உங்களிடமே பார்த்துக்கொள்ளுங்கள்.) பொஸ்டன், சிக்காகோ நகரப் பத்திரிகைகளில் வந்த ஏறத்தாழ 1,300 வேலை விளம்பரங்களுக்கு அவர்கள் கிட்டத்தட்ட 5,000 சுயவிபரக் கோவைகளை அனுப்பினர். அவை கற்பனையானவை. ஒரே தரமான கோவைகளுக்கு, குலுக்கல் முறைபோல, சிலவற்றுக்கு வெள்ளையரிடையே வழங்கும் பெயர்களும் சிலவற்றுக்குக் கறுப்பினத்தவரிடையே வழங்கும் பெயர்களும் இடப்பட்டன.

வெள்ளையர் பெயருள்ள கோவைகளில் ஏறத்தாழ 10 அனுப்பினால் ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருள்ளவற்றில் ஏறத்தாழ 15 அனுப்ப வேண்டியிருந்தது. இன்னுமொரு முடிவு இதைவிடக் கவலைக்குரியது. கோவையில் அனுபவத்தையும் தகைமையையும் கூட்டியபோது வெள்ளையர் பெயருக்கு அழைப்புகள் நன்கு அதிகரித்தன. மற்றப் பெயருக்கு மிகச் சிறிதளவே அதிகரித்தன. செய்தியை எவ்வளவு திருத்தினாலும், பெறுனர் அதனை முழுமையாக வாசிக்காவிட்டால் பயனில்லை என்பது இதன் பொருள். "அனுப்புனர் தெளிவாக எழுத வேண்டும்" என்று மட்டும் விடை எழுதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

எழுதப்படாத விதி

2018 ஏப்ரல் 12 அன்று பிலடெல்பியா நகரிலுள்ள ஸ்டார்பக்ஸ் கோப்பிக் கடை ஒன்றில் கறுப்பின இளைஞர் இருவர் அமர்ந்திருந்தனர். வியாபாரப் பேச்சுவார்த்தை ஒன்றுக்காக மூன்றாமவர் ஒருவரின் வருகையை அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். எதுவும் வாங்கவில்லை. சில நிமிடங்களிலேயே கடை முகாமையாளர் பொலிசாரை அழைத்தார். இருவரும் கைவிலங்கிடப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டு, குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டனர். அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியதுடன், 2018 மே 29 பிற்பகல் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள தனது 8,000 இற்கும் மேற்பட்ட கடைகளை மூடி ஏறத்தாழ 175,000 ஊழியருக்குப் பயிற்சியளித்தது. இளைஞர் இருவரும் நகர நிர்வாகத்திடமிருந்து தலைக்கு ஒரு டொலரை மட்டும் பெற்றுக்கொண்டு, இளம் முயற்சியாளருக்கான திட்டமொன்றுக்கு 200,000 டொலர் ஒதுக்கச் செய்தனர்.

ஒரு பிற்பகல் பயிற்சியினால் மனப்பாங்கு மாறிவிடும் என எண்ண வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. எதுவும் வாங்காமல் அமர்ந்திருப்பவரை என்ன செய்வது என்பதற்குத் தெளிவான, எல்லாருக்கும் பொதுவான விதி அன்று இருக்கவில்லை. முடிவு முகாமையாளரின் எண்ணத்திற்கு விடப்பட்டிருந்தது. 2018 மே மாதத்தில் நிறுவனம் வாங்காதவரும் அமரலாம் என அறிவித்தது; 2025 ஜனவரியில் அதனை மாற்றி, வாங்குவோருக்கே இடம் என்றது. இவ்விரண்டில் எது நல்ல விதி என்று விவாதிக்கலாம். ஆயினும் எழுதிய விதி எதுவாயினும் எல்லாருக்கும் ஒன்றாக நடைமுறைப்படுத்தப்பட்டால், அங்கு தப்பபிப்பிராயத்துக்குக் கிடைக்கும் இடம் சிறிது. தெளிவில்லாத வெற்றிடத்தையே அது நிரப்புகின்றது.

சம்பவக் கற்கை: 05/08

பின்வருவது கற்பனைச் சம்பவம். பருத்தித்துறையில் பனையோலைக் கைப்பணிப் பொருள் செய்யும் மகளிர் குழு ஒன்றுக்கு, அமெரிக்கக் கடை உரிமையாளர் ஒருவரிடமிருந்து மார்ச் மாதத்தில் 400 கூடைகளுக்கான கட்டளை மின்னஞ்சலில் வருகின்றது. "05/08 இற்குள் கிடைக்க வேண்டும்" என்று அதில் உள்ளது. குழு ஆகஸ்ட் 5 எனக் கொண்டு ஆறுதலாக வேலையைத் தொடங்குகின்றது. மே 10 அன்று அடுத்த மின்னஞ்சல் வருகின்றது: "கூடைகள் வரவில்லை. உங்கள் நாடுகளில் நேரத்திற்கு மதிப்பில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான்."

குழுவின் செயலாளர் உடனே எழுதிய பதில் இது: "நாங்கள் ஏமாற்றுக்காரர் அல்லர். உங்களைப் போன்ற வெள்ளைக்காரருக்கு எப்போதும் அவசரமும் அதிகாரமும்தான்."

நல்ல வேளை, அதனை அனுப்பவில்லை. தலைவியான மூத்தவர், "பிள்ளை, கட்டளையை ஒருக்கால் திருப்பி வாசி" என்கிறார். வாசித்தபோதுதான் காரணம் தெரிகிறது. நாம் நாள், மாதம், ஆண்டு என எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். அவருக்கு 05/08 என்றால் மே 8. இரு தரப்பிலும் பொய்யில்லை, சோம்பலும் இல்லை. ஒரு திகதியில் இருந்த வெற்றிடத்தை இரு தரப்பினரும் தத்தமது பொதுமுத்திரையால் நிரப்பிக்கொண்டனர். கடை உரிமையாளரின் வரி தவறானது என்பதில் ஐயமில்லை. செயலாளரின் முதற் பதிலும் அதே அச்சில் வார்க்கப்பட்டதே என்பதைப் பலர் காணத் தவறுகின்றனர்.

இரண்டாவது பதில் இவ்வாறு அமைந்தது:

"உங்கள் மே 10 ஆந் திகதிய மின்னஞ்சல் கிடைத்தது. கட்டளையில் 05/08 என்றிருந்ததை இங்குள்ள வழக்கப்படி ஆகஸ்ட் 5 எனக் கொண்டோம். நீங்கள் மே 8 ஐக் கருதியுள்ளீர்கள் என இப்போது புரிகின்றது. 150 கூடைகள் ஆயத்தமாக உள்ளன. அவற்றை இவ்வாரமே அனுப்பலாம். மிகுதியை ஜூன் 20 இற்குள் அனுப்ப முடியும். சம்மதமா எனத் தெரிவிக்கவும். தாமதத்திற்குக் காரணம் திகதி எழுதும் முறையே. எமது நாட்டவரைப் பற்றிய உங்கள் கூற்று இதற்குப் பொருந்தாது. இனிவரும் கடிதங்களில் மாதத்தைப் பெயராலேயே எழுதுவோம். நீங்களும் அவ்வாறு எழுதுமாறு வேண்டுகிறோம்."

இப்பதிலின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் நடந்தது என்ன என்பது வருகிறது. அடுத்துத் தீர்வு, எண்ணிக்கையுடனும் திகதியுடனும். அதன் பின்னரே அந்தத் தவறான கூற்றுக்கு மறுப்பு, அதுவும் ஒரே வாக்கியத்தில். மறுப்பை விட்டுவிட்டால் என்ன என்று சில மாணவர் கேட்பர். விடக்கூடாது என்பதே என் கருத்து. பேசாமல் விட்டால் அவர் தம் கூற்றை நாம் ஏற்றுக்கொண்டதாக எண்ணலாம். நீட்டினால் கூடைகளின் கதை மறைந்து சண்டையின் கதையாகிவிடும். ஆளைத் தாக்காமல் கூற்றை மறுத்தால் போதும். அதன் பின்னரும் அவர் அதே விதமாக எழுதினால், அடுத்த கட்டளையை ஏற்காதிருக்கும் உரிமை குழுவுக்கு உண்டு. வருமானம் இழக்கப்படும், அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பண்பாட்டு அறிவும் முத்திரையாகலாம்

எட்வர்ட் ஹோல் என்னும் மானிடவியலாளர் 1976 இல் வெளிவந்த தம் நூலில், சில சமூகங்களில் பொருளின் பெரும்பகுதி சொற்களில் அன்றிச் சூழ்நிலையில் தங்கியிருக்கும் என விளக்கினார். ஜப்பானியர் "ஹாய்" என்று சொல்வது "ஆம், சம்மதம்" என்பதாக எப்போதும் அமையாது. "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றும் பொருள்படும். நாம் தலையைப் பக்கவாட்டில் அசைப்பதைப் பார்த்து வெளிநாட்டவர் "இல்லை" எனக் கொள்வதும் உண்டு. இவை பயனுள்ள செய்திகள். ஆனால் "ஜப்பானியர் எவரும் நேராகப் பேசமாட்டார்" என்று முடிவுகட்டினால் மீண்டும் முத்திரைக்கே வந்துவிடுகிறோம். இத்தகைய அறிவைக் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்துங்கள்: "விலைக்குச் சம்மதம் என நாம் எழுதிக்கொள்ளலாமா?"

நாம் பெறுனராகும்போது

இதுவரை பிறர் நம்மைத் தவறாக எண்ணுவதையே பார்த்தோம். இப்போது தம்புள்ளையிலுள்ள மொத்த வியாபாரி ஒருவர் வெங்காயக் கட்டளையைச் சிங்களத்தில் மட்டும் அனுப்புகிறார் எனக் கொள்வோம். "வேண்டுமென்றே அவமதிக்கிறார்" என்பதே இங்கு பலருக்கு முதலில் தோன்றும். இந்த உணர்வு காரணமின்றித் தோன்றியதன்று. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் உத்தியோக மொழியாக்கியது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தினாலேயே தமிழும் உத்தியோக மொழியானது. இடைப்பட்ட காலத்தில் விளங்காத கடிதங்களுடன் அலுவலகப் படியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம்.

ஆயினும் அரச அலுவலகம் வேறு, தனியார் வியாபாரி வேறு. அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்வது உங்கள் உரிமை. அதனைக் கேட்டுப் பெறவேண்டும். வியாபாரியின் கடையில் சிங்களம் மட்டும் தெரிந்த எழுதுவினைஞர் ஒருவரே இருக்கக்கூடும். அவமதிப்பா, இயலாமையா என்பதை ஊகத்தால் அறிய முடியாது. "கட்டளை கிடைத்தது, நன்றி. அளவுகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை அனுப்பினால் பிழையின்றி ஏற்றிவிடலாம்" என்று கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். கேட்ட பின்னரும் ஏளனமான பதில் வந்தால் அப்போது அது ஊகமன்று, ஆதாரம். கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பேசுவோருக்கு இடையிலும் இக்குறை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலையகப் பேச்சைக் கேட்டதும் "கணக்குப் பார்க்கத் தெரியாது" என்று வேலை மறுப்பவரும், முஸ்லிம் வியாபாரியின் பெயரைக் கண்டதும் விலையைக் கூட்டிச் சொல்பவரும், சாதி விசாரித்த பின்னரே கடன் கொடுப்பவரும் நம்மிடையே உள்ளனர்.

பாரபட்சம் செயலாகிவிட்டபோது மரியாதையான கடிதம் மட்டும் போதாது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 (3) ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களுக்காகக் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தமது மதத்திற்குரிய பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குச் செல்வதில் எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கப்படலாகாது எனக் கூறுகின்றது. "கடைகள்" என்ற சொல் அதில் முதலாவதாக இருப்பதை வணிக மாணவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

மாதிரி வினா

தப்பபிப்பிராயம் தொடர்பாடலுக்குத் தடையாவது எவ்வாறு என உதாரணத்துடன் விளக்கி, அதனைக் குறைக்க நிறுவனமொன்று எடுக்கக்கூடிய இரு நடவடிக்கைகளைக் குறிப்பிடுக.

விடைக்குறிப்பு: பெறுனர் செய்திக்குப் பொருள்கொள்ளும் கட்டத்தில், அனுப்புனரின் பெயர், மொழி போன்றவற்றை வைத்து முன்கூட்டியே முடிவெடுப்பதால் செய்தியின் உண்மைப் பொருள் திரிபடைகின்றது. உதாரணமாகப் பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குதல். நடவடிக்கைகள்: விண்ணப்பங்களை முதற்கட்டத்தில் பெயரை மறைத்துச் சுட்டெண்ணால் மதிப்பிடல், திகதி, அளவு, விலை, கொடுப்பனவு நிபந்தனை ஆகியவற்றை ஒரே படிவத்தில் எழுத்தில் உறுதிப்படுத்திப் பின்னூட்டல் பெறல். "ஊழியர் நல்லவராக இருக்க வேண்டும்" என்பது ஒரு நடவடிக்கை அன்று. அதற்குப் புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்.

பயிற்சி: மேலுள்ள சம்பவத்தில் கடை உரிமையாளர் மே 10 அன்று எழுதிய மின்னஞ்சலை, அவரது கோரிக்கை குறையாமலும் பொதுமுத்திரை இல்லாமலும் மூன்று வாக்கியங்களில் திருத்தி எழுதுக.