அலமாரி கட்டும் முன் எடை பாருங்கள்

கேள்வி: டெக்சஸில், ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன கோடையில் 2014-ஆம் வருஷத்து ஃபிஃப்த் வீல் கேம்பர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 32 அடி நீளம், இரண்டு ஸ்லைடு-அவுட், பின்பக்கம் பிள்ளைகளுக்கு அடுக்குப் படுக்கை. முக்கால் டன் பிக்கப் டிரக்கில் இழுக்கிறோம். மொத்த எடை வரம்பு 12,000 பவுண்டு. கதவோரம் உள்ள மஞ்சள் ஸ்டிக்கரில் சரக்கு 2,150 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. சாமான் வைக்க இடம் போதவில்லை. சுவரில் அடித்த ஷெல்ஃப் முதல் பயணத்திலேயே பிய்ந்து விழுந்தது. ஓடும்போது டிராயர்கள் திறந்துகொள்கின்றன. கீழே உள்ள பேஸ்மென்ட் ஒரே குகை. எல்லாம் உருண்டு கிடக்கும். படிக்கட்டுக்கு அடியில் காலி இடம் தெரிகிறது, அதைத் திறந்து பயன்படுத்தலாமா? கார்ப்பெட்டை எடுத்துவிட்டு வினைல் பலகை போடவும், பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டவும், லித்தியம் பேட்டரிக்கு மாறவும் ஆசை. மர வேலை எனக்கு ஓரளவு வரும். மே மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார். கிரைண்டர், இட்லிப் பானையோடுதான் எங்கள் பயணம். எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்திருக்கிறீர்கள் என்பது. கேம்பரில் இடம் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. தேடினால் கட்டிலுக்கு அடியில், பெஞ்சுக்குள், அலமாரியின் காலடிப் பலகைக்குப் பின்னால் என்று கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை எல்லாம் நிரப்பும் உரிமைதான் நமக்குக் கிடையாது. ஆகவே ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் கணக்குப் போடுவோம்.

2,150 பவுண்டு பெரிதாகத் தெரியும். ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 50 காலன் தொட்டியை நிரப்பிப் புறப்பட்டால் 417 பவுண்டு அதிலேயே போய்விடும். வாங்கிய பிறகு வைத்த இரண்டு லெட்-ஆசிட் பேட்டரிகளுக்கு ஏறக்குறைய 120. மிச்சம் 1,600. நான்கு பேரின் துணிமணி, பாத்திரம், மளிகை, மெத்தை விரிப்பு, மடக்கு நாற்காலி, ஹோஸ்கள், கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தைத் தொடுவது சாதாரணம். புது மர வேலைக்கு உங்களிடம் இருப்பது சுமார் 600 பவுண்டு. முக்கால் அங்குல பிளைவுட் முழுத் தாள் ஒன்றே 60, 70 பவுண்டு இருக்கும். வீட்டுச் சமையலறைக்குச் செய்வது போல அலமாரி செய்தால், அதில் ஒரு டம்ளர் வைக்கும் முன்பே வரம்பு நெருங்கிவிடும்.

கணக்கைக் காகிதத்தோடு விடாமல் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் இருக்கும் கேட் ஸ்கேல் மேடைகள் இதற்கு உகந்தவை. வழக்கமாகப் பயணம் போகிற மாதிரியே ஏற்றிக்கொண்டு போய், டிரக்கின் முன் அச்சு ஒரு மேடையில், பின் அச்சு அடுத்ததில், கேம்பரின் அச்சுகள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்துங்கள். பிறகு கேம்பரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் மறுபடி நிறுத்துங்கள். டிரக்கின் இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும் பாரம்.

இந்த எண்ணை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் பின்தட்டில்தான் உட்காரும். 12,000-க்கு 20 சதவீதம் என்றால் 2,400 பவுண்டு. ஹிட்ச் 150, நீங்கள் நான்கு பேர் 500 என்று வைத்தால் 3,000-ஐத் தாண்டிவிடுகிறது. முக்கால் டன் டிரக்குகள் பலவற்றின் சுமைத்திறன் அதற்குள்தான் இருக்கும். உங்களுடையது எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அம்மாவும் ஏறினால் அவர் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்புற பேஸ்மென்ட்டிலும் மேலே படுக்கையறை அலமாரியிலும் நீங்கள் வைக்கும் சாமானின் எடையில் பெரும் பங்கு டிரக்குக்கே போகும். கனமானவை சக்கரங்களுக்கு மேலே, தரையை ஒட்டி இருக்க வேண்டும்; முன்னாலும் உயரத்திலும் துணி, போர்வை, தலையணை.

அடுத்தது கூரை. கேட்கவில்லையே என்று நினைக்காதீர்கள். பத்து வயதைத் தாண்டிய கேம்பரில் புது அலமாரி கட்டும் முன் ஈரக் கசிவு இல்லை என்று உறுதி செய்யாவிட்டால், அலமாரி அந்தக் கசிவை மறைத்து வைத்துச் சுவரை உளுத்துப்போக விடும். மேலே ஏறி, காற்றுப் போக்கிகள், ஏசி, விளிம்புகள் எல்லாவற்றையும் சுற்றியுள்ள சீலன்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கூரைக்கு என்றே தானாகப் பரவிச் சமமாகும் சீலன்ட் கிடைக்கிறது, அதையே போடுங்கள். சாதாரண சிலிகான் வேண்டாம். அது ரப்பர் மேல் நிலைக்காது, பின்னால் சரியான சீலன்ட்டையும் ஒட்ட விடாது. உள்ளே மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் முதல் வேலை அங்கேதான்.

இனி ஷெல்ஃப். அது விழுந்ததில் உங்கள் கைவேலைக்குக் குற்றமில்லை. கேம்பரின் உட்சுவர் 3 மில்லிமீட்டர் அளவிலான லுவான் பிளைவுட். பின்னால் நுரைப்பஞ்சோ கண்ணாடி இழையோதான். அதில் ஸ்க்ரூ பிடிக்காது, சட்டத்தில் விழுந்தால்தான் நிற்கும். மரச்சட்டம் என்றால் சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்தி ஸ்டேபிள் வரிசையைக் கண்டுபிடிக்கலாம். அலுமினியச் சட்டத்தில் காந்தம் ஒட்டாது. தட்டிப் பார்த்தும் ஸ்டட் ஃபைண்டர் வைத்தும் தேட வேண்டும். வெளிச்சுவர் மொத்தமே இரண்டு அங்குலத்துக்குள், உள்ளே மின்கம்பியும் ஓடலாம் என்பதால் நீள ஸ்க்ரூ ஆகாது.

இதைவிட நல்ல வழி, சுவரை நம்பாமல் இருப்பது. பாரம் முழுவதும் தரையில் இறங்கும்படி நிற்கும் ஷெல்ஃபாகச் செய்யுங்கள். சுவர் அதைச் சாயாமல் பிடித்தால் போதும். பக்கங்களுக்கு அரை அங்குலம், முதுகுக்கும் தட்டுகளுக்கும் கால் அங்குலம் பிளைவுட் தாராளம். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்புப் பட்டை வையுங்கள். ஓடும் வண்டியில் ஷெல்ஃபின் பாதிப் பயன் அந்தப் பட்டையில்தான். பசையோடு வரும் கொக்கிகள் சாவிக்கும் துண்டுக்கும் சரி. டெக்சஸ் வெயிலில் பூட்டிய கேம்பருக்குள் பசை இளகிவிடும், கனம் மாட்டாதீர்கள்.

அடுக்குப் படுக்கையில் ஒன்றை எடுத்து மளிகை அலமாரி செய்கிறவர்கள் உண்டு. பிள்ளைகள் இருவரும் அங்கே தூங்குகிறவரை நான் அதைத் தொடமாட்டேன். பெரும்பாலும் அந்த அறை அச்சுகளுக்கு வெகு பின்னால் இருக்கிறது. அங்கே அரிசியும் டின்னும் ஏற்றினால் கிங்பின் பாரம் குறைந்து வண்டி ஆட்டம் காட்டும்.

டிராயர்களை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மெல்லிய பலகையை ஸ்டேபிள் அடித்துச் சேர்த்திருப்பார்கள். மூலைகளில் மரப்பசை, அடியில் கால் அங்குலப் பலகை ஒன்று. அவ்வளவில் டிராயர் உறுதியாகிவிடும். திறந்துகொள்வதற்குக் காரணம் பிளாஸ்டிக் உருளை வைத்த பழைய ரயில். மூடிய நிலையில் பூட்டிக்கொள்ளும் பால்-பேரிங் ரயில்கள் கிடைக்கின்றன. கனமான டிராயர்களுக்கு அவற்றை மாற்றுங்கள். மற்றவற்றுக்குக் குழந்தைகளுக்கான காந்தப் பூட்டு போதும். ரயில் மாட்டும் சட்டம் மெல்லியதாக இருந்தால் உள்ளே ஒரு மரத்துண்டு வைத்துத்தான் ஸ்க்ரூ போட வேண்டும். இல்லாவிட்டால் புது ரயிலும் பிடுங்கிக்கொண்டு வரும்.

படிக்கட்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பல ஃபிஃப்த் வீல்களில் ஃபர்னஸ் இருப்பது அதன் அடியில்தான். படியின் முகத்தில் கம்பி வலைபோல் ஒன்று தெரிந்தால், அது ஃபர்னஸ் மூச்சு வாங்கும் வழி. அதை அடைத்தால் ஃபர்னஸ் சூடேறி நின்று நின்று எரியும். அதன் பக்கத்தில் துணியோ அட்டைப்பெட்டியோ வைப்பது தீயை அழைப்பது. மின்கன்வர்ட்டர் பக்கமும், கேஸ் ஃப்ரிட்ஜின் முதுகுப்புறமும், தண்ணீர் ஹீட்டரைச் சுற்றியும் இதே விதி: காலியாகத் தெரியும் அந்த இடங்கள் காற்றுக்காக விடப்பட்டவை. புரொபேன் காற்றைவிடக் கனம் என்பதால் அதன் டிடெக்டர் தரையோரம் இருக்கும், அதையும் மறைக்க வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்து, உங்கள் படிக்கடியில் இவை எதுவும் இல்லை என்றால், மேற்படியை நீளக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்யுங்கள். செருப்புகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பேஸ்மென்ட்டில் பின்னால் தெரியும் தடுப்புப் பலகையை எடுத்தால் இன்னும் இரண்டடி ஆழம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அதன் பின்னால்தான் தண்ணீர்க் குழாய்களும் பம்பும் சூட்டுக்காற்றுக் குழலும் இருக்கின்றன என்பதும் உண்மை. ஃபர்னஸின் வெதுவெதுப்பு அங்கே தங்குவதால்தான் குழாய் உறையாமல் இருக்கிறது. 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சஸ் முழுக்க வீட்டுக் குழாய்களே வெடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பலகையை விட்டுவிடுங்கள். இருக்கும் குகையை ஒரே அளவு மூடிப்பெட்டிகளாலும் நடுவில் ஒரு தட்டாலும் வசப்படுத்துங்கள். அலுமினியக் கோணச் சட்டமும் கால் அங்குலப் பலகையும் வைத்து இரண்டடுக்கு ஆக்கி, பெட்டிகளைப் பட்டையால் கட்டிவிட்டால் எதுவும் உருளாது. கழிவுநீர் ஹோஸ், அதன் கையுறை ஒரு பெட்டி. குடிநீர் ஹோஸ் வேறு பெட்டி, வேறு மூலை. இதில் சமரசம் வேண்டாம்.

கட்டிலடி இடத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. தூக்கினால் நிற்காமல் இறங்குகிறது என்றால் கேஸ் ஸ்ட்ரட் தளர்ந்திருக்கும். அதன் குழல் மேல் அச்சிட்ட விசை எண்ணையும் நீளத்தையும் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். கனமான மெத்தைக்கு மாறியிருந்தால் சற்றுக் கூடுதல் விசை. மாற்றப் பத்து நிமிஷம், துணிகளுக்கு ஓர் அலமாரி லாபம்.

கார்ப்பெட்டை எடுப்பது நல்ல யோசனை. கல்தூள் கலந்த 5 மி.மீ. வினைல் பலகை ஒரு சதுர அடிக்கு 2 பவுண்டு வரும். 150 சதுர அடிக்கு 300 பவுண்டு. உங்கள் 600-இல் பாதி! ஒட்டிப் போடும் மெல்லிய ஷீட் வினைல் அதில் பாதிக்கும் குறைவு. ஸ்லைடு-அவுட் உள்ளே வரும்போது தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்த பிறகே எதையும் வாங்குங்கள். தடித்த பலகையில் ஸ்லைடு உரசினால் தரையும் கெடும், மோட்டாரும் கெடும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறுவது எடையையும் குறைக்கிற மேம்பாடு, அதனால் முழுமனதோடு ஆதரிக்கிறேன். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதே அளவு லெட்-ஆசிட்டின் பாதி எடைகூட இருக்காது. லெட்-ஆசிட்டில் பாதியைத்தான் எடுக்கலாம், இதில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். ஆனால் 2014-ஆம் ஆண்டின் கன்வர்ட்டர் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்க வாய்ப்புக் குறைவு; அது 14.4 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் கொடுக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். உறைநிலைக்குக் கீழே இந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. பழைய குண்டு பல்புகள் இன்னும் இருந்தால் எல்இடிக்கு மாற்றிய பிறகு எத்தனை பேட்டரி தேவை என்று யோசியுங்கள்.

பம்பரில் சைக்கிள் வேண்டாம். அந்த நான்கு அங்குலச் சதுரக் குழாய் மெல்லிய தகடு. பலவற்றில் கழிவுநீர் ஹோஸைச் செருகி வைப்பதற்குத்தான் அது பயன்படுகிறது. நான்கு சைக்கிளும் ஸ்டாண்டும் சேர்ந்து 150 பவுண்டுக்கு மேல். அச்சுகளுக்கு அவ்வளவு பின்னால் ஒவ்வொரு குழியிலும் துள்ளும்போது வெல்டிங்கே விட்டுப்போகும். தயாரிப்பாளர் அனுமதித்தால் அடிச்சட்டத்தோடு ரிசீவர் ஒன்றைத் தேர்ந்த வெல்டரிடம் பொருத்திக்கொள்ளலாம். அதுவரை பிள்ளைகளின் இரண்டு சைக்கிள் மட்டும், அவர்கள் அறைத் தரையில் படுக்க வைத்துக் கட்டி வரட்டும்.

டயரின் பக்கத்தில் டிஓடி எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நான்கு எண்கள், தயாரான வாரமும் ஆண்டும். ஆறு வயது தாண்டியிருந்தால் அலமாரிக்கு வைத்திருக்கும் பணத்தை அங்கே செலவிடுங்கள்.

கிரைண்டர் கட்டாயம் வரட்டும். கல்லைத் தனியே எடுத்துத் துண்டில் சுற்றி, கீழ் அலமாரியின் தரையில், சக்கரத்துக்கு நெருக்கமாக வையுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக இடையில் துணி கொடுத்து அடுக்கினால் சத்தமும் இராது, கீறலும் விழாது. இட்லி அவிக்கும் முன் வெளியே போய் அடுப்புப் புகைபோக்கியின் மூடியைப் பாருங்கள். பயணத்தில் படபடக்காமல் இருக்க அதற்குச் சிறு கொக்கிகள் உண்டு. அதைத் திறக்க மறந்தால் ஆவி முழுவதும் உள்ளேயே சுற்றி லுவான் சுவரில் இறங்கும்.

அம்மாவுக்காக இன்னும் ஒன்று. வாசலிலும் படுக்கையறைப் படியிலும் இருக்கும் கைப்பிடிகளைப் பிடித்து உங்கள் முழு பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். அசைந்தால், சட்டத்தில் பிடிக்கும்படி இடம் மாற்றுங்கள். அல்லது மறுபுறம் உலோகத் தகடு கொடுத்துப் போல்ட்டால் முடுக்குங்கள். உயரம் அவர் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும், உங்கள் கைக்கு அல்ல.